நம்ம சைடு கிளியர்

போன் மணி அடிக்கும்போதே அவர் சொல்லிவிடுவார். யார் பேசுகிறார்கள், என்ன கோளாறு, எந்த ஊர் என்று எதுவும் தெரிய வேண்டியதில்லை. நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பதற்குள் ஏசி அறைக் கதவு கொஞ்சம் திறக்கும். குரங்குக் குல்லா போட்ட தலை ஒன்று வெளியே நீளும். "நம்ம சைடு கிளியர்னு சொல்லிரும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடும். ஒரு தடவை போனில் இருந்தது அவருடைய வீட்டுக்காரம்மா. கேஸ் தீர்ந்துபோச்சு, வரும்போது புக் பண்ணிட்டு வரச் சொல்லு என்று கூப்பிட்டிருந்தார். நானும் பழக்க தோஷத்தில் "சார் சைடு கிளியராம்க்கா" என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு ராத்திரி அவருக்கு வீட்டில் என்ன கிடைத்ததோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பம்ப்செட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த வருஷங்கள். ஊரில் எல்லாருக்கும் வெப்சைட் வேண்டும் என்ற ஆசை வந்திருந்தது, எதற்கு என்றுதான் தெரியாது. கல்யாண மண்டபம் கேட்டது, நூல் மில் கேட்டது, பல் டாக்டர் கேட்டார். எங்கள் முதலாளி அதற்கு முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். கம்ப்யூட்டரும் சத்தம் வராத டைப்ரைட்டர்தானே என்ற தைரியத்தில் இதில் இறங்கியிருந்தார். நான் வாசலில் உட்கார்ந்து போன் எடுத்தேன். வருகிற திட்டையெல்லாம் வாங்கி உள்ளே கொடுப்பதும், உள்ளே இருந்து வருகிற சமாதானத்தை வாங்கி வெளியே கொடுப்பதும் என் உத்தியோகம்.

அவரை எல்லாரும் சர்வர் சார் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் என்று ஒன்று சம்பளக் கவரில் மட்டும் இருந்தது. அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை சர்வர் பார்த்துக்கொள்கிறார் என்று தரகர் சொல்ல, பெண்ணின் அப்பா எந்த ஓட்டலில் என்று கேட்டாராம். இது கம்ப்யூட்டர் சர்வர் என்று விளக்கியும் அந்த மனிதருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. கல்யாணத்தன்று பந்தியில் மாப்பிள்ளை சாம்பார் வாளியைத் தொடாததைப் பார்த்த பிறகுதான் சமாதானமானார் என்று இவரே சொல்லிச் சிரிப்பார்.

கம்பெனியில் ஏசி இருந்தது மெஷின் அறையில் மட்டும்தான். சித்திரை வெயிலில் நாங்கள் எல்லாம் விசிறி அட்டையோடு உட்கார்ந்திருப்போம். அவர் உள்ளே ஸ்வெட்டரும் குல்லாவுமாக, கொடைக்கானலுக்கு டூர் வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். வேலையில் சோம்பேறி என்று சொல்ல முடியாது. எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து கதவைத் திறப்பவர் அவர்தான். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும்போதுகூட, குங்குமம் உள்ளே கொட்டிவிடாமல் விரல் நுனியில் தொட்டு வைப்பார். ஆனால் ஒரு கோளாறு என்று வந்துவிட்டால், அதைச் சரி செய்வது அவருக்கு இரண்டாவது வேலை. அது யாருடைய கோளாறு இல்லை என்று நிரூபிப்பதுதான் முதல் வேலை.

அதற்கு அவர் வைத்திருந்த பெரிய ஆதாரம் பிங். கறுப்புத் திரையில் ஒரு வார்த்தையைத் தட்டுவார். அங்கே இருக்கிற மெஷின் இருக்கேன், இருக்கேன் என்று வரி வரியாகப் பதில் சொல்லும். "பாரு, பிங் போகுது. நம்ம சைடு கிளியர்" என்பார். கஸ்டமர் கேட்டது பில் ஏன் தப்பாக வருகிறது என்று. வீட்டில் திருடு போய்விட்டது என்று புகார் கொடுத்தால், வீடு இருக்கிறதே என்று போலீஸ்காரர் சொன்ன மாதிரி இருக்கும். எத்தனையோ பேருக்கு இதை நான் முகம் சுளிக்காமல் போனில் சொல்லியிருக்கிறேன்.

ஆபீசில் மட்டும் என்றால் பரவாயில்லை. கரண்ட் போனால் நாங்கள் முனகுவோம். அவர் மட்டும் ஜன்னலைத் திறந்து எதிர்க்கடையைப் பார்ப்பார், முக்கு டீக்கடையைப் பார்ப்பார், பிறகு திருப்தியாக வந்து உட்காருவார். "தெருவுக்கே இல்ல. நம்ம சைடு கிளியர்." அதைக் கேட்டதும் எங்களுக்கு வேர்ப்பது நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒருநாள் மொபெட்டில் வரும்போது ரவுண்டானாவில் சறுக்கி விழுந்தார். முழங்காலில் ரத்தம் ஒழுக மாடியேறி வந்தவரைப் பார்த்து நான் பதறிப்போய்ப் பஞ்சு தேடினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார், இண்டிகேட்டர் போட்டிருந்தாராம். அவருடைய அக்கா மகள் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கு வடை காலியாகிவிட்டது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, இலைக்கு இலை வந்து, ஆட்களைக் கூடக் கூட்டிவந்தது மாப்பிள்ளை சைடு என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். வடை வரவில்லை.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நம்ம என்று சொன்னால் கேட்கிறவரும் அதற்குள் வந்துவிட வேண்டும். நம்ம ஊர், நம்ம வீடு என்கிறோம். அவருடைய நம்மவில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். மற்ற எல்லாரும் உங்க சைடு.

அப்படி இருக்கும்போதுதான் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறிச் சந்தை ஒன்றின் வேலை எங்களுக்கு வந்தது. கமிஷன் கடைக்காரர்கள் காலையில் அவரவர் கடையில் இருந்து அன்றைய விலையைப் போட வேண்டும். தக்காளி இவ்வளவு, முருங்கை இவ்வளவு என்று. கேரளாக்காரர்கள் அங்கே இருந்தே பார்த்து லாரி அனுப்புவார்கள். முதலாளிக்கு இவ்வளவு பெரிய வேலை அதுவரை வந்ததில்லை. அதற்கென்று அப்ளிகேஷன் எழுத ஜெசிந்தாவைப் புதிதாகச் சேர்த்தார். அதே மாதம் சர்வர் சார், கூட்டம் தாங்காது என்று சொல்லி முன்னால் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி வைத்தார்.

பெயர்தான் பெரிது, விஷயம் சாதாரணம். வெளியில் இருந்து வருகிறவர்கள் நேராக அப்ளிகேஷன் ஓடுகிற மெஷினுக்குப் போகக் கூடாது. முன்னால் இன்னொரு மெஷின் நிற்கும். வந்தவர் கேட்பதை அது வாங்கிக்கொண்டு பின்னால் போகும், அங்கே கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுக்கும். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் பார்த்த வேலையே அதுதான், எனக்குத்தான் ஏசி இல்லை.

ஜெசிந்தா ஆத்தூர்க்காரி. அப்பா தோட்டம் வைத்திருந்தார், கத்தரியும் வெண்டையும் போடுவார். அவர் மகளிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: தவக்காலம் முடிவதற்குள் வேலை நிரந்தரமானால் சரி, இல்லையென்றால் ஈஸ்டர் கழிந்த கையோடு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிவிடுவேன். மாப்பிள்ளை அத்தை மகன், திருப்பூரில் இருந்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள். "எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமலாம் இல்லக்கா. எனக்கு இந்த வேலையைப் பிடிச்சிருக்கு." நான் என் வெஞ்சனத்தில் பாதியை அவள் பக்கம் தள்ளினேன்.

சந்தை வெப்சைட் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கோளாறும் ஆரம்பித்தது. காலையில் சரியாகச் சந்தை கூடுகிற நேரத்துக்கு ஒரு கடைக்கும் திறக்காது. அக்சஸ் டினைடு என்று இரண்டே வார்த்தை வரும். அரைமணி கழித்துத் தானாகச் சரியாகிவிடும். அதற்குள் கேரளா லாரி வேறு சந்தைக்குத் திரும்பிவிடும். முதல் போன் சங்கத் தலைவரிடம் இருந்து வரும். தொப்பம்பட்டிக்காரர். மரியாதையாகத்தான் திட்டுவார், ஆனால் நிறுத்த மாட்டார். "ஏனுங்கம்மிணி, சந்தையே நிக்குதுங்க. இதுக்கா நாங்க கம்ப்யூட்டர் வாங்குனோம்?" என்பார். நான் ஏசி அறையைப் பார்ப்பேன். குல்லா வெளியே வரும்.

ஜெசிந்தா தன் மெஷினில் திறந்து பார்த்தால் அழகாகத் திறக்கும். அவள் நேராகப் பின் மெஷினுக்குப் போகிறவள் ஆயிற்றே. பிராக்ஸி வழியாகத்தான் பிரச்சனை சார் என்று அவள் போய் நின்றால், அவர் பிங் போட்டுக் காட்டுவார். பிராக்ஸி வைத்த பிறகுதானே வந்தது என்று கேட்டால், நீ வந்த பிறகும்தானே வந்தது என்பார். இரண்டும் ஒரே மாதம்தான். அவள் திரும்பி வரும்போது மூக்கு நுனி சிவந்திருக்கும். வாய்க்கு ருசியாக ஒரு வார்த்தை அவரைத் திட்டலாம் என்று எனக்கே நாக்கு துறுதுறுக்கும்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "வியாழக்கிழமை சந்தைக்காரங்க நேர்ல வாராங்க. அதுக்குள்ள யாரு சைடுன்னு எனக்குத் தெரியணும். எந்தச் சைடோ, அந்தச் சைடு வீட்டுக்குப் போயிறலாம்" என்றார். சொல்லும்போது அவர் கண் ஜெசிந்தா மேல் இருந்தது. புது ஆளை அனுப்புவது சுலபம், மெஷின் அறைச் சாவி அவளிடம் இல்லை.

கோளாறு என்ன என்று புதன்கிழமை ஜெசிந்தா கண்டுபிடித்துவிட்டாள். திருட்டுத்தனமாக யாரும் நுழையக் கூடாது என்று அவள் ஒரு காவல் வைத்திருந்தாள். ஒரே கம்ப்யூட்டர் முகவரியில் இருந்து மூன்று தடவை பாஸ்வேர்டு தப்பாக வந்தால், அந்த முகவரிக்கு அரைமணி நேரம் கதவு சாத்திக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்னால் பிராக்ஸி நிற்கிறதே. வருகிறவர் யார் என்பதை அது உள்ளே சொல்லவில்லை. பின் மெஷினுக்குக் கேரளாக்காரரும் ஒன்றுதான், கீரைக் கடைக்காரரும் ஒன்றுதான், எல்லாம் பிராக்ஸியின் முகவரி. எங்கேயோ யாரோ ஒருத்தர் காலையில் மூன்று தடவை தப்பாகத் தட்ட, கதவு மொத்தச் சந்தைக்கும் சாத்திக்கொண்டது. திண்டுக்கல்காரர்கள் போட்ட பூட்டு என்றால் சும்மாவா. தட்டுவது யார் என்று மட்டும் தெரியவில்லை, ஜெசிந்தா முகவரியைத்தான் குறித்து வைத்தாளே தவிர பெயரைக் குறிக்கவில்லை.

மருந்தும் சுலபம். வந்தவரின் முகவரியை உள்ளே சொல்லும்படி பிராக்ஸியில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அதைப் படிக்கும்படி அவள் தன் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். சந்தோஷமாக ஓடி அவரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு முடியாது என்றார். ஏன் சார் என்றதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இப்ப அந்த லைனைச் சேர்த்தா, இம்புட்டு நாளா அந்த லைன் இல்லாம இருந்துச்சுன்னு ஆயிருமேம்மா."

அவள் அழவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை மகன் நல்லவன்தான்க்கா" என்றாள். நான் நேராக ஏசி அறைக்குள் போய், அந்தப் பிள்ளை பிழைப்பு உங்க கையில இருக்கு, ஒரு வரி எழுதினா விரல் தேஞ்சா போயிரும் என்று கேட்டே விட்டேன். அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கன்னிவாடியில் தான் படித்த கதையைச் சொன்னார். வகுப்பில் உலக உருண்டை உடைந்து கிடந்தது. உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன் என்றார் வாத்தியார். இவர் எழுந்து நின்று நான்தான் என்றார். வாத்தியார் முதலில் கைதட்டச் சொன்னாராம், அப்புறம் அடித்தாராம். அதோடு முடியவில்லை. அந்த வருஷம் முழுக்க எந்த ஜன்னல் உடைந்தாலும், எந்தப் பானை கவிழ்ந்தாலும், முதலில் இவரைத்தான் கூப்பிட்டார்கள். ஒருதரம் ஒத்துக்கொண்டவன்தானே. "அதுல இருந்து நான் கிளியரா இருக்கேன்மா" என்றார். பாவமாகவும் இருந்தது, நாலு வாங்கு வாங்கலாம் போலவும் இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை தலைவர் இரண்டு ஆட்களோடு வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பழனி விபூதிப் பொட்டலம். முதலாளி எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் டீ சொல்லிவிட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். சர்வர் சார் அன்றைக்குக் குல்லா இல்லாமல் வந்திருந்தார். தலைவர் வந்த வேகத்தில் கேட்டார், யாரு சைடு கோளாறு, அதை மட்டும் சொல்லிப்போடுங்க என்று.

முதலாளி ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் எழுந்தாள். பிராக்ஸியைக் கை காட்டப் போகிறாள் என்று நான் நினைத்தேன், காட்டியிருந்தால் நியாயம்தான். அவள் என்னவோ, "நம்ம சைடுதான் சார்" என்றாள்.

கம்பெனியைத்தான் சொன்னாள். நம்ம என்ற வார்த்தையை அதன் முழு அர்த்தத்தில், எல்லாரையும் சேர்த்து, அந்த மாடியில் முதல் தடவையாக ஒருத்தி சொன்னாள். ஆனால் தலைவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நம்ம என்றால் தானும்தானே. அவர் முகம் மாறியது. கூட வந்த இருவரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கிப் பேசினார்.

"கண்டுபுடிச்சுட்டீங்களா? சரி, மறைக்க என்னங்க இருக்குது. நாந்தானுங்க. பாஸ்வேர்டு பழனி. எம் பையன் அதுல ழவுக்கு இசட் எச்சுனு வெச்சுப்போட்டு காலேஜுக்குப் போயிட்டானுங்க. நமக்கு அது எங்கீங்க ஞாபகம் வருது? பஸ்சு போர்டுல எல்லாம் எல்லுதானுங்களே போட்டிருக்குது. தெனமும் எல்லுலயே மூணு தடவ அடிச்சுப் பாப்பேன். எடுக்காதுங்க. அப்பறம் பையனுக்குப் போன் போட்டு அவனைக் கேப்பேன்."

சந்தை நிக்குது, சந்தை நிக்குது என்று தினமும் என் காதைக் கிழித்த மனிதர்தான் தினமும் சந்தையை நிறுத்தியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். சர்வர் சாரைப் பார்த்தேன். இப்படி ஒரு நாளுக்காகத்தானே அவர் பிறந்தார். தப்பு கஸ்டமர் சைடு, கஸ்டமரே வாயால் ஒத்துக்கொண்டாயிற்று.

ஆனால் முதலாளி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி முன்னுக்கு வந்தவர். கஸ்டமரை அவருடைய ஆட்கள் முன்னால் தலைகுனிய விட்டால் வேலை கையைவிட்டுப் போகும் என்று அவருக்குத் தெரியும். சட்டென்று ஜெசிந்தா பக்கம் திரும்பினார். ஒரு பெரிய மனுசர் தப்பா அடிச்சா அவருக்கு மட்டும்தானே பூட்டணும், சந்தையையே பூட்டுமா, யாரு எழுதுனது இது என்று கேட்டார். தலைவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அதானே என்றார்.

"நான்தான் சார்" என்றாள் ஜெசிந்தா. அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. ஆத்தூர்க் கோயிலில் ஓலை வாசிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

சர்வர் சார் எழுந்தார். பிங் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இல்ல சார். அந்தப் புள்ள எழுதுனது சரி. வாரது யாருன்னு நான் உள்ள சொல்லிவிடல" என்றார். "இது என் சைடு."

நம்ம இல்லை, என். அந்த வார்த்தை அவர் வாயில் இருந்து வந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஜெசிந்தா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

டீ வருவதற்குள் அவர் ஒரு வரி, அவள் ஒரு வரி, வேலை முடிந்தது. மறுநாள் காலையில் தலைவர் போன் செய்தார். மற்றவர்களுக்கெல்லாம் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை என்றார். இசட் எச் என்று நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னீங்க சார் என்று சர்வர் சாரிடம் பிறகு கேட்டேன். அன்றைக்கு முதலாளி அறையில் காற்றே இல்லை, தனக்குத் தலை சுற்றிவிட்டது, அது ஃபேன் சைடு பிரச்சனை என்றார்.

ஜெசிந்தாவின் வேலை நிரந்தரமானது. ஈஸ்டருக்கு அவள் கொண்டுவந்த கேக்கில் பெரிய துண்டு ஏசி அறைக்குப் போனது. ஆனால் கன்னிவாடி வாத்தியார் செத்தாலும் சாக மாட்டார் போலிருக்கிறது. அதற்கப்புறம் கம்பெனியில் என்ன நடந்தாலும் முதலாளி ஏசி அறையைத்தான் பார்த்தார். பிரிண்டர் பேப்பரைக் கடித்தால் சர்வர் சார். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் சர்வர் சார். பல் டாக்டர் பணம் கட்டாமல் விட்டதற்கும் அவர்தான் காரணம் என்று ஆனது. அவரும் சைடு பேசிப் பார்த்தார், யாரும் காது கொடுக்கவில்லை. அன்னைக்கு நீங்களேதான ஒத்துக்கிட்டீங்க என்று முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். வேலை மந்தமாகி ஆட்களைக் குறைத்தபோது முதலில் போனவர் அவர்தான். ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மெஷின் அறைச் சாவியை ஜெசிந்தா கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அவள் பம்ப்செட் கடை வாசல் வரைக்கும் கூடவே போனாள்.

இரண்டு மெஷினும் அவள் பொறுப்புக்கு வந்தது. ஏசி அறையில் உட்கார்ந்தாள், குளிர் தாங்காமல் ஒரு ஸ்கார்பைத் தலையில் சுற்றிக்கொண்டாள். ஒருநாள் காலை, நூல் மில்லில் இருந்து போன். வெப்சைட் திறக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள், அதற்குள் அறைக் கதவு கொஞ்சம் திறந்தது.

"நம்ம சைடு கிளியர்னு சொல்லிருங்கக்கா."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, பார்த்தியாடி என்று கேட்டேன். பிங் போகுதுக்கா என்றாள்.

கையை எடுத்துவிட்டு, கோளாறு எங்க சைடுதாங்க, செத்த நேரத்துல பாத்துச் சொல்றோம் என்று மில்காரரிடம் சொன்னேன். ஜெசிந்தா ஸ்கார்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அவள் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.